கழுத்துப் பட்டை சொல்வதும் சொல்லாததும்

இத்தாலியில் விற்கும் ஒயின் பாட்டில்களில் சிலவற்றின் கழுத்தில் ஒரு மெல்லிய காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். பாட்டிலைத் திறந்தால் அது கிழிந்துவிடும். ரூபாய் நோட்டிலும் முத்திரைத்தாளிலும் இருக்குமே, அந்த மாதிரி நெருக்கமான கோட்டு வேலை. அரசுச் சின்னம் ஒன்று, வரிசை எண் ஒன்று. அந்த நாட்டுக்கு நாணயம் அடித்துக் கொடுக்கும் அரசு அச்சகமே இதையும் அச்சடிக்கிறது. இத்தனை லிட்டர் ஒயினுக்கு இத்தனை பட்டை என்று எண்ணித்தான் கொடுப்பார்கள்.

போன வருடம் மூன்று மாத விசாவில் ஃப்ளோரன்ஸ் நகரில் மகள் வீட்டில் இருந்தோம். மாப்பிள்ளை தன்னுடன் வேலை பார்ப்பவர் வீட்டு விருந்துக்குக் கொண்டுபோக ஒரு பாட்டில் வாங்கினார். கடையில் பட்டையைத் தடவிக் காட்டி, "இது இருந்தா கண்ணை மூடிட்டு வாங்கலாம் மாமா" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது எனக்கு வராத விஷயம். 33 வருடம் அரசு ஆய்வகத்தில் இரசாயனப் பரிசோதகராக இருந்தவன் நான். காவல் நிலையங்களிலிருந்தும் மதுவிலக்குப் பிரிவிலிருந்தும் அரக்கு முத்திரை வைத்த பாட்டில்கள் எங்கள் மேசைக்கு வரும். முத்திரை உடையாமல் இருந்தால் வழியில் யாரும் திறக்கவில்லை என்று மட்டுமே அர்த்தம். உள்ளே இருப்பது சாராயமா, விஷமா, வெறும் தண்ணீரா என்பதை முத்திரை சொல்லாது. நாங்கள்தான் சொல்ல வேண்டும். அதனால் இத்தாலிக்காரர்களின் இந்த முத்திரை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. மூன்று மாதத்தில் வேறு வேலையும் இல்லை. பேத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தால் மதியம் வரை நேரம் கிடக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குடிப்பவன் அல்ல, குடிக்கச் சொல்லவும் வரவில்லை. ஃப்ளோரன்ஸில் இரண்டு தடவை இரண்டு வாய் ருசி பார்த்தேன். வீட்டம்மாவுக்குத் தெரியும்.

இத்தாலிய ஒயினுக்கு நான்கு படிகள் உண்டு. அடியில் வெறும் 'வினோ', அதாவது ஒயின், அவ்வளவுதான். அதற்கு மேல் ஐஜிடி. அதற்கு மேல் டிஓசி. உச்சியில் டிஓசிஜி. கடைசி இரண்டையும் விரித்தால் 'கட்டுப்படுத்தப்பட்ட பிறப்பிடப் பெயர்' என்றும், 'கட்டுப்படுத்தப்பட்ட, உத்தரவாதமுள்ள பிறப்பிடப் பெயர்' என்றும் வரும். இப்போது ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்கும் பொதுவாக டிஓபி, ஐஜிபி என்று வேறு இரண்டு பெயர்கள் வந்திருக்கின்றன. ஆனால் இத்தாலிக்காரர்கள் பழைய எழுத்துகளை விடவில்லை. டிஓசி முந்நூற்று முப்பதுக்கு மேல், டிஓசிஜி எழுபதுக்கு மேல். அத்தனையையும் மனப்பாடம் செய்தவர் அந்த ஊரிலேயே இருப்பாரா என்பது சந்தேகம்.

சட்டம் 1963-ல் வந்தது. முதல் டிஓசி 1966-ல், சான் ஜிமிஞானோ என்ற கோபுர ஊரின் வெர்னாச்சா என்னும் வெள்ளை ஒயினுக்கு. உத்தரவாதம் என்ற 'ஜி' எழுத்து நடைமுறைக்கு வர 1980 ஆகிவிட்டது. பரோலோ, புருனெல்லோ தி மொந்தால்சினோ போன்ற பெரிய பெயர்கள் அப்போது உச்சிப் படியில் ஏறின.

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விதிப்புத்தகம் உண்டு. அந்த எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கும் உண்மையான சரக்கு அதுதான். எந்தெந்தக் கிராமத்து நிலம், எந்தத் திராட்சை, ஹெக்டேருக்கு எத்தனை டன்னுக்கு மேல் பறிக்கக் கூடாது, எத்தனை மாதம் பீப்பாயில் கிடக்க வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். உதாரணமாகப் பரோலோ என்றால் நெபியோலோ திராட்சை மட்டும்தான். ஹெக்டேருக்கு 8 டன். 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். புரோசெக்கோ டிஓசிக்கு ஹெக்டேருக்கு 18 டன் வரை பறிக்கலாம். விலை வித்தியாசத்தில் ஒரு பங்கு இந்த எண்களிலேயே இருக்கிறது. பிறகு ஆய்வகத்தில் ஒரு பரிசோதனை, ஒரு குழு சுவைத்துப் பார்ப்பது. அந்தக் குழு தேடுவது அந்த ஊர் ஒயினுக்குரிய குணம் இருக்கிறதா, குறை ஏதும் உண்டா என்பதை. அற்புதமான ஒயினா என்பது அவர்கள் கேள்வி அல்ல.

நம் ஊர்க்காரர்களுக்குப் புவிசார் குறியீடு என்றால் சட்டென்று புரியும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் கிடைத்தது, கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல். அந்தக் குறியீடு மிட்டாய் கோவில்பட்டி வட்டாரத்தில் முறைப்படி செய்தது என்று சொல்லும். உங்கள் பல்லுக்கு அது இதமாக இருக்கும் என்று சொல்லாது. டிஓசியும் அதே சாதிதான். பட்டை பிறப்பிடத்துக்கு ஜாமீன், ருசிக்கு அல்ல. மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னபோது, "அப்ப 'ஜி' எதுக்கு மாமா?" என்றார். நியாயமான கேள்வி. 1987-ல் அல்பானா தி ரொமாஞ்ஞா என்ற வெள்ளை ஒயினுக்கு டிஓசிஜி கொடுத்தார்கள். வெள்ளை ஒயின்களில் அதுதான் முதலாவது. இதைவிட நல்ல வெள்ளை ஒயின் எத்தனையோ இருக்க, இதற்கா என்று இத்தாலியிலேயே முணுமுணுப்பு எழுந்தது. உச்சிப் படிக்கு ஏறுவதில் ருசியோடு அரசியலும் உண்டு என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

கீழ்வீட்டில் வீட்டுக்காரர் இருந்தார். எண்பது வயது. தஸ்கனியில் ஒரு கூட்டுறவு ஒயின் ஆலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு இத்தாலியன் வராது. மகள் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பாள். நான் கேட்ட முதல் கேள்விக்கே அவர் எழுந்து போய் ஒரு பழைய பாட்டிலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். காலி பாட்டில். தூசி துடைத்து வைத்திருந்தார். சீட்டில் 'வினோ தா தாவோலா' என்று இருந்தது. மேசை ஒயின் என்று பொருள். அன்றைய சட்டப்படி அதுதான் ஆகக் கீழ்ப்படி. பெயரைப் படித்தேன்: தின்யனெல்லோ. அன்றே அதன் விலை தன் ஒரு வாரச் சம்பளத்தைத் தின்றுவிடும் என்றார் அவர்.

இந்தக் கதை கொஞ்சம் நீளம், ஆனால் இதைச் சொல்லாமல் இத்தாலிய ஒயின் சீட்டு புரியாது.

ஃப்ளோரன்ஸுக்கும் சியேனாவுக்கும் நடுவில் உள்ள மலைகள் கியான்டி. 1716-லேயே மெதிச்சி வம்சத்து மூன்றாம் கோசிமோ அதன் எல்லையை ஆணை போட்டு வரைந்துவிட்டார். அதற்கு முன் இத்தாலியின் பிரதமராகவும் இருந்த பெத்தினோ ரிக்காசோலி என்ற பிரபு, 1872-ல் எழுதிய ஒரு கடிதத்தில் கியான்டிக்கு ஒரு கலவையைச் சொன்னார்: பெரும்பங்கு சாஞ்ஜோவேசே, கொஞ்சம் கனாயோலோ. இளசாகக் குடிக்கிற ஒயினாக இருந்தால் மல்வாசியா என்ற வெள்ளைத் திராட்சையும் சேர்க்கலாம். பல வருடம் வைக்கிற ஒயினுக்கு அது வேண்டாம். ஒருவர் தன் அனுபவத்தில் சொன்ன யோசனை அது. 1967-ல் கியான்டிக்கு டிஓசி வந்தபோது யோசனை கட்டளையாக மாறிவிட்டது. சிவப்பு ஒயினில் 10 முதல் 30 சதவீதம் வெள்ளைத் திராட்சை இருந்தே ஆக வேண்டும் என்று விதி! கொல்லையில் வெள்ளைக் கொடி வைத்திருந்தவர்களுக்கு அது செளகரியம். நல்ல ஒயின் செய்ய நினைத்தவனுக்கு அது கைவிலங்கு.

1385 முதல் ஒயின் தொழிலில் இருக்கும் அந்தினோரி குடும்பத்தின் பியேரோ அந்தினோரி, 1971 அறுவடையிலிருந்து தன் தின்யனெல்லோ தோட்டத்து ஒயினில் கியான்டி என்ற பெயரையே எடுத்துவிட்டார். 1975 முதல் வெள்ளைத் திராட்சை அறவே இல்லை. விதியை மீறியதால் அது சட்டத்தின் கண்ணில் மேசை ஒயின். "ஆகட்டும், அப்படியே எழுதிக்கொள்கிறேன்" என்று அதே பெயரில் பெரிய விலைக்கு விற்றார்.

அதற்கும் முன்னோடி கடலோரத்தில் போல்கெரி என்ற ஊரில் இருந்தது. மாரியோ இன்சிஸா தெல்லா ரொக்கெத்தா என்ற பிரபு, பிரெஞ்சுக்காரர்களின் கபர்னே சோவிஞோன் திராட்சையை அங்கே நட்டு, வருடக்கணக்கில் வீட்டு உபயோகத்துக்கு மட்டும் செய்துகொண்டிருந்தார். பெயர் சஸ்ஸிக்காயா. 1968 அறுவடைதான் முதலில் கடைக்கு வந்தது. 1978-ல் லண்டனில் டிகேன்டர் பத்திரிகை நடத்திய சுவைப் பரீட்சையில், உலகத்துக் கபர்னே ஒயின்களுக்கு நடுவில் இது முதலிடம் வாங்கியது. ஊருக்குத் திரும்பினால் அதற்கு அந்தஸ்து என்ன? மேசை ஒயின்! 1983-ல் போல்கெரிக்கு டிஓசி கொடுத்தபோதுகூட வெள்ளைக்கும் ரோசேவுக்கும் மட்டும் கொடுத்தார்கள். சஸ்ஸிக்காயாவுக்கு 1994-ல்தான் இடம் கிடைத்தது.

இந்த அவமானத்தைச் சரிக்கட்டத்தான் 1992-ல் புதுச் சட்டம் கொண்டுவந்து நடுவில் ஐஜிடி என்ற படியைச் செருகினார்கள். விதி தளர்வு, ஆனால் ஊர்ப் பெயரும் ஆண்டும் திராட்சைப் பெயரும் போட்டுக்கொள்ளலாம். தின்யனெல்லோ இன்றும் தொஸ்கானா ஐஜிடிதான். கியான்டி கிளாசிக்கோவும் மெல்ல வழிக்கு வந்தது. 2006 அறுவடையிலிருந்து அதில் வெள்ளைத் திராட்சைக்கு இடமே இல்லை. முன்பு கட்டாயம், இப்போது தடை. நாற்பது வருடத்துக்குள் ஒரு சட்டம் இப்படிக் குட்டிக்கரணம் போட்டதைப் பார்த்தபோது, நம் நாட்டு அரசாணைகளைப் பற்றி எனக்கிருந்த வருத்தம் கொஞ்சம் குறைந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் கெளரவப் பிரச்சினை. உயிர்ப் பிரச்சினை ஒன்று உண்டு.

1986 மார்ச்சில் மிலான் நகரில் மலிவு ஒயின் குடித்தவர்கள் மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். வயிற்றுவலி, வாந்தி, பிறகு பார்வை மங்கல். மகள் இதை மொழிபெயர்க்கத் தொடங்கியதும் நான் கையை நீட்டி நிறுத்திவிட்டேன். "மெத்தனால்" என்றேன். வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். "மெத்தனோலோ." அந்த ஒரு வார்த்தைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அது என்ன செய்யும் என்று நான் பாடமாகப் படித்தவன் மட்டும் அல்ல. கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றும். அது முதலில் கண் நரம்பைப் பிடிக்கும். ஆய்வகத்தில் மாதிரியைப் பெர்மாங்கனேட்டால் ஆக்சிஜனேற்றம் செய்து, குரோமோட்ரோபிக் அமிலம் விட்டால் ஊதா நிறம் வரும். அந்த ஊதா வந்த நாட்களில் யாரும் மதியச் சாப்பாட்டுக்கு அவசரப்பட மாட்டோம். பெரும்பாலும் பாட்டிலோடு கூடவே உடல் உறுப்பு ஜாடிகளும் வந்திருக்கும். நான் ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததும் இதே பொருளால்தான். அன்று தொலைக்காட்சியில் பெயர்ப் பட்டியல் ஓடியபோது என் மூக்கில் அந்த அமில நெடி வந்தது.

நம் ஊரில் அது கள்ளச்சாராயத்தில் வரும். இத்தாலியில் சீட்டு ஒட்டி, கடையில் அடுக்கி விற்ற ஒயினில் எப்படி வந்தது? காரணம் கணக்குதான். மொத்த வியாபாரத்தில் மலிவு ஒயினுக்கு விலை அதன் ஆல்கஹால் அளவைப் பார்த்துப் போடுவார்கள். மழை வருடத்துத் திராட்சையில் சர்க்கரை குறைவு, அதனால் ஆல்கஹாலும் குறைவு. ஒயினின் வலு கூட்டச் சர்க்கரை கலப்பது இத்தாலியில் குற்றம். அந்தச் சமயம் மெத்தனால் மீதிருந்த வரியை எடுத்திருந்தார்கள். அது மிக மலிவாகிவிட்டது. சிலர் அதை ஊற்றி அளவைக் கூட்டினார்கள். ஒயினில் இயற்கையாகவே துளி மெத்தனால் இருக்கும். திராட்சைத் தோலில் உள்ள பெக்டின் அதைத் தரும். சிவப்புக்கு லிட்டருக்கு 400 மில்லிகிராம், வெள்ளைக்கு 250 என்று சர்வதேச வரம்பு உண்டு. கொன்ற பாட்டில்களில் இருந்தது அதைப்போலப் பல மடங்கு. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இன்னும் பலருக்குக் கண் போனது.

அந்த வசந்தத்தில் தங்கள் கூட்டுறவு ஆலைக்கு ஜெர்மனியிலிருந்து வந்த ரத்துத் தந்திகளை வீட்டுக்காரர்தான் பதிவேட்டில் ஏற்றினாராம். "எங்கள் ஒயினில் ஒரு தப்பும் இல்லை. ஆய்வறிக்கை அனுப்பினோம். யாரும் உறையைக்கூடப் பிரிக்கவில்லை" என்றார். கணக்கர் பேசுகிற மாதிரியே, தேதியோடு பேசினார். குரல் ஏறவில்லை. மகள்தான் நடுவில் ஒரு நிமிடம் மொழிபெயர்க்காமல் இருந்தாள்.

இறந்தவர்கள் வாங்கியது கழுத்தில் பட்டை உள்ள பாட்டில் அல்ல. பட்டை பரோலோவுக்கு இருந்தது, புருனெல்லோவுக்கு இருந்தது, அன்றைக்கு ஆறு வருடமாக. பெரிய பாட்டிலில் அன்றாடச் சாப்பாட்டுக்கு வாங்குகிறவர்களின் ஒயினுக்கு அது கிடையாது. பெரிய பெயர் திருடு போகாமல் பார்த்துக்கொள்ளப் பூட்டு போட்டிருந்தார்கள். எளியவன் குடலுக்குப் போவதைப் பார்க்க ஆள் போதவில்லை. அதே வருடம் ஆகஸ்டில் உணவுக் கலப்படத்தையும் மோசடியையும் பிடிக்க வேளாண் அமைச்சகத்தின் கீழ் தனி ஆய்வுத் துறை ஒன்றைச் சட்டம் போட்டு உண்டாக்கினார்கள். இன்று அதன் பெயர் ஐசிக்யூஆர்எஃப். பல மலிவு பாட்டில்களின் பின்சீட்டில், ஆகக் கீழே, இந்த எழுத்துகளும் ஒரு குறியீட்டு எண்ணும் இருக்கும். பாட்டிலில் அடைத்தவரின் பெயருக்குப் பதில் நிற்கும் எண் அது. கடையில் யாரும் அதைத் தடவிக் காட்டுவதில்லை. நான் குனிந்து தேடிப் படித்தது அதைத்தான்.

பட்டை உள்ள பாட்டிலிலும் வம்பு நடக்காமல் இல்லை. 2008-ல் புருனெல்லோவில் வேறு திராட்சை கலந்திருக்கிறார்கள் என்று பெரிய விசாரணை நடந்தது. அது நூற்றுக்கு நூறு சாஞ்ஜோவேசேவாக இருக்க வேண்டும். அந்த விதியைத் தளர்த்தலாமா என்று அக்டோபரில் தயாரிப்பாளர்களிடமே கேட்டார்கள். வேண்டாம் என்று பெருவாரியாகச் சொன்னார்கள். அதில் ஒருவரும் சாகவில்லை. உலகப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின.

சீட்டில் மற்ற வார்த்தைகள் எளிது. கிளாசிக்கோ என்றால் அந்தப் பெயருக்குரிய பழைய, நடு வட்டாரம். ரிசேர்வா என்றால் கூடுதல் காலம் முதிர்ந்தது. கியான்டி கிளாசிக்கோவில் சாதாரணத்துக்கு 12 மாதம், ரிசேர்வாவுக்கு 24. சுப்பீரியோரே என்றால் 'உயர்ந்தது' என்று மயங்க வேண்டாம், பெரும்பாலும் ஆல்கஹால் அரைப் புள்ளி கூட இருக்கும். 'இம்பொத்திலியாத்தோ அல்லோரிஜினே' என்று இருந்தால் திராட்சை விளைத்தவரே பாட்டிலிலும் அடைத்திருக்கிறார். வாங்குகிறவருக்கு நான் ஒன்றே ஒன்று சொல்வதானால் இதைத்தான் சொல்வேன், எத்தனை எழுத்து என்று எண்ணுவதைவிட யார் அடைத்தது என்று பாருங்கள்.

குழப்புவதற்கென்றே இரண்டு உண்டு. மொந்தேபுல்சியானோ தப்ருட்சோ என்றால் மொந்தேபுல்சியானோ என்ற திராட்சை, அப்ருட்சோ பகுதியில் விளைந்தது. வினோ நோபிலே தி மொந்தேபுல்சியானோ என்றால் தஸ்கனியில் மொந்தேபுல்சியானோ என்ற ஊர். உள்ளே இருக்கும் திராட்சை சாஞ்ஜோவேசே. ஒன்றுக்கொன்று உறவே இல்லை. இன்னொன்று நுரைக்கும் ஒயினில். 'எக்ஸ்ட்ரா டிரை' என்று போட்டிருந்தால் அது 'புரூட்'டை விட இனிப்பு. லிட்டருக்குச் சர்க்கரை புரூட்டில் 12 கிராம் வரை, எக்ஸ்ட்ரா டிரையில் 12 முதல் 17 வரை. சர்க்கரை நோய்க்காரர்கள் 'டிரை' என்று படித்துத் திருப்திப்பட வேண்டாம். எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், அவருக்காகவே இதை எழுதுகிறேன்.

புரோசெக்கோவில் நடந்தது இன்னும் வேடிக்கை. அது திராட்சையின் பெயராக இருந்தவரை உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்தத் திராட்சையை நட்டு அந்தப் பெயரைப் போடலாம். 2009-ல் இத்தாலிக்காரர்கள் திராட்சைக்கு கிளேரா என்று வேறு பெயர் வைத்துவிட்டு, திரியெஸ்தே அருகில் புரோசெக்கோ என்று ஒரு கிராமம் இருப்பதைக் காட்டி, அதையும் உள்ளே அடக்கும்படி எல்லையை இழுத்து, ஊர்ப் பெயராகப் பதிந்துகொண்டார்கள். வக்கீல் மூளை!

2023 டிசம்பர் 8 முதல் தயாராகும் ஒயினுக்கு, சேர்மானங்களையும் சத்து விவரத்தையும் சொல்லியாக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருக்கிறது. சீட்டில் இடம் போதாது என்பதால் கியூஆர் சதுரமாகப் போடுகிறார்கள். கிளம்புவதற்கு முந்தின வாரம் பெரிய கடை ஒன்றில் மலிவு ஒயின் வரிசையில் நின்று, கைப்பேசியை ஒவ்வொரு பாட்டிலாகக் காட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். திராட்சை, டார்டாரிக் அமிலம், சல்ஃபைட், கம் அராபிக். ஆறாவது பாட்டிலில் கடைச் சிப்பந்தி வந்து ஏதோ கேட்டார். மகள் பதில் சொன்னாள். அவர் சிரித்துவிட்டுப் போனார். என்ன சொன்னாய் என்று கேட்டேன். "எங்கப்பா வேலையில இருக்கார்னு சொன்னேன்ப்பா" என்றாள்.